வாளூவாலி

டோம்பிவிலி மெது வண்டியின் பெண்கள் பெட்டியில்
என் பெயர் வாளூவாலி.
மராத்தியில் வாளூ என்றால் மணல்.
கம்மல் அட்டை விற்கும் சுரேகா வைத்த பெயர்.
தமிழ்க் காதுக்கு அது
வாளேந்தி வருகிறவள் போலக் கேட்கும்.
நான் திருத்தவில்லை.

பதினேழு வருடமாகக்
கண்ணாடி மணிகளைப் புனலில் கொட்டுகிறேன்.
கொட்டும். கொட்டும்.
நிற்கும்.
நிற்கிற இடத்தில் இருக்கிறது என் சம்பளம்.

தொட்டி காலியாகக் காலியாக
தண்ணீருக்கு வேகம் குறையும்.
மணலுக்கு அந்தக் கவலை கிடையாது.
தலைக்கு மேல் ஒரு சாண் இருந்தாலும்
ஒரு பனை உயரம் இருந்தாலும்
ஒரே நிதானத்தில் விழும்.
பிறகு சொல்லாமல் கொள்ளாமல்
ஏழெட்டு மணிகள் தோளோடு தோள் சேர்ந்து
வாயை அடைத்துக்கொள்ளும்.
சுண்ணாம்பு இல்லை, கொத்தனார் இல்லை,
ஒரு வளைவு நிற்கும்.
காம்ப்ளே ரப்பர்ச் சுத்தியலால் ஒரு தட்டு.
இடியும். மறுபடி எண்ணு.
பத்தாயிரத்து நானூறு அடைப்புகள்
என் முனைவர் பட்டம்.

நடுவில் இரண்டு மழைக்காலம்
'பணம் ஆற்றில்தான் இருக்கிறது' என்றார் துறைத்தலைவர்.
போனேன்.
படிவத்தில் வண்டல் என்று எழுதியிருந்தது.
சல்லடையில் நின்றவை:
ஷாம்பு உறைகள், பிள்ளையாரின் பிளாஸ்டர் விரல்,
யாரோ முறித்துப் போட்ட சிம் கார்டு.
இவை எந்த வேகத்தில் படியும் என்பதற்கு
என்னிடம் சூத்திரம் இல்லை.
தொண்ணூறு பக்க அறிக்கையைக் கையில் எடைபார்த்த பொறியாளர்
'எத்தனை லாரி என்று மட்டும் சொல்லுங்கள் மேடம்' என்றார்.

திரும்பவும் புனலுக்கே வந்தேன்.

ரயில் வாசலின் நடுவில் ஒரு கம்பி நிற்குமே,
அதை எத்தனை நாள் சபித்திருப்பேன்.
பையின் வார் மாட்டும், விலா இடிக்கும்.
யார் வைத்தது இதை வழியில் என்று
கண்ணுக்குத் தெரியாத ஒரு ரயில்வே அதிகாரியைத்
தினமும் முலுண்டு வரைக்கும் திட்டுவேன்.
ஒரு ஜூலையில்
கம்பி கழன்ற பெட்டி ஒன்று வந்தது.
வாசல் அகலம், காற்று, சொர்க்கம்.
தாணேயில்
ஒருத்தியாலும் இறங்க முடியவில்லை.
தோளோடு தோள்.
அட்டை நசுங்கி சுரேகா கத்துகிறாள்,
யாருடைய முழங்கையோ என் மூக்கில்,
நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

காம்ப்ளே, ஒரு சைக்கிள் ஆரக்கால் வேணும்.
எதுக்கு?
வாசலை மறைக்க.

துளைக்கு மிக அருகில் வைத்தால் அதுவே அடைப்பு.
எட்ட வைத்தால் அலங்காரம்.
இருபது நாள் அரை அரை மில்லிமீட்டராக நகர்த்தினோம்.
ஒரு செவ்வாய்க்கிழமை
நாற்பது நிமிடம் நிற்காமல் கொட்டியது.
சுத்தியலை மடியில் வைத்தபடி
வேலை போன மனிதரைப் போல
உட்கார்ந்திருந்தார் காம்ப்ளே.
அந்த இரைச்சலை, ஓட்டின் மேல் மழை போல என்று எழுதலாம்.
இல்லை.
மணி மணியின் மேல் விழுகிற சத்தம்தான் அது.

பிறகு தேடிப் பார்த்ததில்
வேறொரு நாட்டில் ஐந்து மாதம் முன்பே
வெளியிட்டிருந்தார்கள்.
அதே கம்பி,
நல்ல வெளிச்சத்தில்.

அன்றும் மாலை வண்டி பிடித்தேன்.
வாளூவாலி, இன்னைக்கு என்ன கண்டுபிடிச்சே?
வாசல் நடுவில் கம்பி இருப்பது நல்லது.
அதை என்னைக் கேட்டிருந்தா
முதல் நாளே சொல்லியிருப்பேனே என்றாள் சுரேகா,
கம்பியில் அட்டையை மாட்டியபடி.
இல்லாட்டி இதை எங்கே தொங்கவிடுறது?

பத்து ரூபாய்க்கு
பச்சைக் கண்ணாடி மணி வைத்த ஒரு ஜோடி வாங்கினேன்.
விட்டம் மூன்று மில்லிமீட்டர் இருக்கும்.
தாணே வருகிறது.
எண்ணத் தொடங்குகிறேன்.